புரோட்டானுக்கு என்ன அவசரம்?

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது அந்தச் செய்தி கண்ணில் பட்டுவிடுகிறது. சாதாரண வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றும் புதிய உலோகச் சேர்மம் கண்டுபிடிப்பு. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் வெப்பத்தில், அழுத்தத்தில் சேர்த்து அமோனியா எடுக்கும் நூறு ஆண்டுப் பழைய ஹேபர்–போஷ் முறைக்கு இனி ஓய்வு. கூடவே ஒரு வண்ணப்படம் இருக்கும்: நடுவில் ஓர் உலோக அணு, அதைச் சுற்றிக் கிளைபரப்பிய கார்பன் சட்டகம், ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நீல உருண்டைகள். அந்த நீல உருண்டைகள்தான் நைட்ரஜன். காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் உலோகச் சேர்மங்களோடு கொஞ்ச காலம் மாரடித்தவன் என்பதால், இந்தச் செய்திகளை எனக்கு அனுப்பிவைக்க ஆட்கள் இருக்கிறார்கள். நானும் ஆர்வமாகப் படிப்பேன், அந்தச் சேர்மத்தின் அழகைப் பற்றி நாலு வார்த்தை சொல்வேன், அதோடு விஷயம் முடிந்துவிடும்.

அமோனியா ஆலையில் பொறியாளராக இருக்கும் நண்பன் ஒருவனிடம் இப்படி ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது முடியாமல் போனது. உலோக அணு எப்படி நைட்ரஜனைப் பிடிக்கிறது, எலக்ட்ரான்கள் எப்படி ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன என்றெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. ஒரு கிலோ அமோனியா எடுக்க எத்தனை கிலோ சாமான் உள்ளே போகுது? அதைச் சொல்லு" என்றான். ஆலைக்காரனுக்கே உரிய கேள்வி. அவனுடைய ஆலையில் அதற்கு விடை எளிது: ஒரு கிலோ அமோனியாவுக்கு ஏறத்தாழ 824 கிராம் நைட்ரஜன், 176 கிராம் ஹைட்ரஜன். மீதியெல்லாம் வெப்பமும் அழுத்தமும், அவற்றை உண்டாக்கும் எரிபொருளும். வினையூக்கியான இரும்பு வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். என் பக்கத்து விடையைக் கண்டுபிடிக்கத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோது கிடைத்த எண் விசித்திரமாக இருந்தது. அதைவிட, அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த காரணம் இன்னும் என்னை விடவில்லை. இந்த வேதியியலின் உண்மையான சிக்கல் எது என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிறோமோ, சிக்கல் அங்கே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

முப்பிணைப்பின் மேல் போடும் பழி

வழக்கமாகச் சொல்வது இதுதான்: நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன, அந்தப் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும், அதனால்தான் இவ்வளவு பாடு. பாடப்புத்தகத்திலும் இதுதான், செய்தித்தாளிலும் இதுதான். எண் சரிதான். ஆனால் கார்பன் மோனாக்சைடின் பிணைப்பு இதைவிட வலுவானது, ஏறத்தாழ 1,072 கிலோஜூல். அந்த கார்பன் மோனாக்சைடு உலோகங்களோடு எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது என்பது நிக்கலையோ இரும்பையோ வைத்து வேலை செய்த யாருக்கும் தெரியும். ஆக, பிணைப்பின் வலிமையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

நைட்ரஜனின் குணம் வேறு இடத்தில் இருக்கிறது. முப்பிணைப்பு 945, இரட்டைப் பிணைப்பு சுமார் 420, ஒற்றைப் பிணைப்பு சுமார் 160. அதாவது மூன்றில் முதல் பிணைப்பைத் தளர்த்தவே 500 கிலோஜூலுக்கு மேல் செலவாகிறது. பாதிக்கு மேற்பட்ட விலையை வாசலிலேயே வாங்கிவிடுகிறது. அசிட்டிலீனில் இருக்கும் கார்பன்–கார்பன் முப்பிணைப்பு அப்படியில்லை, முதல் பிணைப்பை மலிவாக விட்டுக்கொடுக்கும். அதனால்தான் அசிட்டிலீனோடு ஹைட்ரஜனைச் சேர்ப்பது கல்லூரி ஆய்வகத்து வேலையாக இருக்கிறது. இரண்டு அணுக்களும் ஒன்றே என்பதால் நைட்ரஜனுக்கு மின்முனைகள் கிடையாது. நேர்மின் பக்கம், எதிர்மின் பக்கம் என்று எதையும் பிடித்து இழுக்க முடியாது. காரத்தன்மையிலும் படுமோசம், மீத்தேனைவிடக் குறைந்த ஆசையோடுதான் ஒரு புரோட்டானை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுவை, ஏற்கிறது. மீத்தேனைவிட!

இத்தனைக்கும், கணக்கை மொத்தமாகப் பார்த்தால் இது இறங்குமுகமான வினை. ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு அமோனியா ஆகும்போது 92 கிலோஜூல் வெளியே வருகிறது. முதல் அடிதான் செங்குத்து. முதல் ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்ந்து உண்டாகும் டையசீன், தொடங்கிய இடத்தைவிட 200 கிலோஜூல் அளவுக்கு உயரத்தில் நிற்கிறது. ஹேபர்–போஷ் முறை அந்த அடியை எடுத்துவைப்பதே இல்லை. இரும்பின் பரப்பில் நைட்ரஜன் இரண்டு தனி அணுக்களாகப் பிளந்து ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேருகின்றன. பரப்பின் மேல் நடக்கும் இதைப் படிப்படியாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்டலுக்கு 2007-இல் நோபல் கிடைத்தது. ஹேபர் ஆய்வகத்தில் செய்துகாட்டியது 1909-இல், ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது 1913-இல். ஆலை ஓடி 94 ஆண்டுகள் கழித்து அதன் உள்வேலைக்கு நோபல்.

பிடித்தவர்கள்

உலோக அணு ஒன்று நைட்ரஜனை முழு மூலக்கூறாகவே பிடித்து வைத்திருக்க முடியும் என்று 1965 வரை யாரும் காட்டவில்லை. காட்டியவர்களும் அதைத் தேடிப் போகவில்லை. டொராண்டோவில் ஆலனும் செனாஃபும் ருத்தேனியம் என்ற உலோகத்தைச் சுற்றி அமோனியாக்களை உட்காரவைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ருத்தேனியம் குளோரைடோடு, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரசீனைச் சேர்த்தார்கள். கிடைத்த பொருளின் அகச்சிவப்பு நிறமாலையில், இருக்கவே கூடாத இடத்தில், 2,100 செ.மீ.⁻¹-க்குச் சற்று மேலே, பளிச்சென்று ஒரு பட்டை. ஹைட்ரசீன் சிதைந்ததில் பிறந்த நைட்ரஜன் ருத்தேனியத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. தனியாகத் திரியும் நைட்ரஜன் அகச்சிவப்புக் கருவிக்குத் தெரியவே தெரியாது, சமச்சீராக இருப்பதால் அது அதிர்ந்தாலும் கருவி கண்டுகொள்வதில்லை. உலோகம் ஒரு முனையைப் பிடித்தவுடன் அந்தச் சமச்சீர் குலைகிறது, மூலக்கூறு கருவியின் கண்ணுக்கு வந்துவிடுகிறது. பட்டை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தே உலோகம் எவ்வளவு எலக்ட்ரானை நைட்ரஜனுக்குள் தள்ளியிருக்கிறது என்று சொல்லலாம். தனி நைட்ரஜனின் அதிர்வெண் 2,331. அங்கிருந்து எத்தனை படி இறக்கம் என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் புதுச் சேர்மம் கிடைத்ததும் முதலில் பார்க்கும் விஷயம்.

அதற்குப் பிறகு உலோகங்கள் வரிசையாக நைட்ரஜனைப் பிடிக்கத் தொடங்கின. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் சாட் குழு 1975-இல் ஒரு படி மேலே போனது. டங்ஸ்டன் அணு ஒன்று, அதன் மேல் பாஸ்பரஸ் வழியாக ஒட்டும் நான்கு பாஸ்பீன் மூலக்கூறுகள், இரண்டு நைட்ரஜன் மூலக்கூறுகள். இதை மெத்தனாலில் கரைத்துச் சல்ஃப்யூரிக் அமிலம் சேர்த்தால் ஒரு நைட்ரஜன் வாயுவாகவே வெளியேறிவிடும், மற்றது ஏறக்குறைய இரண்டு அமோனியாவாக மாறிவிடும். அறை வெப்பநிலையிலேயே! ஆனால் அதற்குத் தேவைப்படும் ஆறு எலக்ட்ரான்களையும் அந்த ஒரே டங்ஸ்டன் அணுதான் கொடுத்தாக வேண்டும். பூஜ்ய நிலையில் தொடங்கி ஆறு எலக்ட்ரானையும் இழந்து நிற்கிறது டங்ஸ்டன். அமோனியா கிடைத்தது, உலோகம் காலி. அடுத்த சுற்று கிடையாது. சாட் அங்கே வரைந்த படிநிலைகள், அதாவது நைட்ரஜனின் வெளி முனையில் புரோட்டானும் எலக்ட்ரானும் மாறி மாறிச் சேர்ந்து, முதல் அமோனியா கழன்று, உலோகத்தின் மேல் ஒரு நைட்ரைடு (ஒற்றை நைட்ரஜன் அணு) மிஞ்சி, பிறகு அதுவும் அமோனியாவாகும் பாதை, இன்றைக்கும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

பிளப்பது பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முப்பிணைப்பின் மேல் பழி போடுபவர்களுக்கு அது நேரடி விடை. 1995-இல் லாப்லாசாவும் கம்மின்ஸும் மூன்றே மூன்று கைகளால் பிணைந்த மாலிப்டினம் சேர்மம் ஒன்றைத் தயாரித்தார்கள். மைனஸ் 35 டிகிரியில் அதன் செம்மஞ்சள் கரைசலை நைட்ரஜனுக்குக் கீழே வைத்தால் அது மெல்ல ஊதாவாக மாறும். இரண்டு மாலிப்டினங்கள் ஒரு நைட்ரஜனை இரு முனையிலும் பிடித்த நிலை அது. அப்படியே அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் ஊதா மறைந்து பொன்னிறமாகும். முப்பிணைப்பு போயே போய்விட்டது, ஆளுக்கொரு நைட்ரஜன் அணுவோடு நிற்கின்றன இரண்டு மாலிப்டினங்களும். 945 கிலோஜூல் பிணைப்பு, அறை வெப்பத்தில், நிறம் மாறும் நேரத்தில். எப்படி உடைந்தது என்றால், உருவாகும் மாலிப்டினம்–நைட்ரஜன் முப்பிணைப்புகள் இரண்டும் சேர்ந்து அதைவிட வலுவானவை. அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்த நைட்ரஜனை மாலிப்டினம் திருப்பித் தர மாட்டேன் என்கிறது.

ஆக, பிடிக்கவும் தெரியும், உடைக்கவும் தெரியும், ஒரு முறை அமோனியா எடுக்கவும் தெரியும். 1995-க்குள் மூன்றும் கையில் இருந்தன. இருந்தும் ஒரே உலோக அணுவைத் திரும்பத் திரும்ப வேலைசெய்ய வைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன்?

ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக

2003-இல் எம்ஐடியில் டிமிட்ரி யாண்டுலோவும் ரிச்சர்ட் ஷ்ராக்கும் வெளியிட்ட கட்டுரையைப் பலரைப் போல நானும் படம் பார்த்துத்தான் அறிந்திருந்தேன். நண்பனின் கேள்விக்குக் கணக்குப் போட அதன் செய்முறைப் பகுதிக்குள் போக வேண்டியிருந்தது. என் பார்வை திரும்பியது அங்கேதான், ஆகையால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

சேர்மத்தின் நடுவில் ஒற்றை மாலிப்டினம். அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன்களால் பிடித்திருக்கும் ஈனி, அதாவது உலோகத்தைத் தாங்கும் சட்டகம். அந்த ஈனியின் மூன்று கைகளிலிருந்தும் பருமனான பென்சீன் வளையக் கொத்துகள் மேல்நோக்கி எழும்பி, மாலிப்டினத்துக்கு மேல் ஒரு குழியை வேலி போட்டதுபோல் அடைத்து நிற்கின்றன. நைட்ரஜன் உள்ளே போகும், சின்ன ஆள். இரண்டு மாலிப்டினங்கள் ஒன்றையொன்று நெருங்க முடியாது. எலக்ட்ரான் தருவது டெக்காமெத்தில் குரோமோசீன். புரோட்டான் தருவது லுட்டிடினியம் என்ற வலுக்குறைந்த அமிலம். அதன் இணை எதிரயனி, 24 ஃப்ளூரின் அணுக்களைச் சுமக்கும் ஒரு பூத போரேட்டு. கரைப்பான் ஹெப்டேன். இந்த அமிலம் ஹெப்டேனில் கரையவே கரையாது என்று சொல்லலாம், தூளாக மிதந்துகொண்டிருக்கும். அந்தக் கலவைக்குள் குரோமோசீன் கரைசலைச் சிரிஞ்ச் பம்பு வைத்து ஆறு மணி நேரம் துளித்துளியாக விட வேண்டும்.

இத்தனை மெதுவாக ஏன்? குரோமோசீனும் அமிலமும் நேருக்கு நேர் சந்தித்தால் நைட்ரஜனுக்கு அங்கே வேலையே இல்லை. எலக்ட்ரான் கொடுக்க ஓர் ஆள், புரோட்டான் கொடுக்க ஓர் ஆள். இருவரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு. அது மலிவான, வேகமான, இறங்குமுகமான பாதை. கரையாத அமிலம், கரையும் நேரத்தில் கொஞ்சமே கொஞ்சம் எலக்ட்ரான், வேலி போட்ட மாலிப்டினம்: எல்லா ஏற்பாடும் இந்த இருவரையும் நேரடியாகச் சந்திக்க விடாமல், மாலிப்டினத்தின் வழியாகவே சந்திக்க வைக்கத்தான். சிரிஞ்ச் பம்பை நான் அதுவரை ஏதோ சமையல் குறிப்பின் ஒரு வரி மாதிரிதான் பார்த்திருந்தேன். அந்தச் செய்முறையில் உண்மையான கண்டுபிடிப்பு பாதி அந்தப் பம்பில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். மாலிப்டினம் நைட்ரஜனைப் பிடிப்பதும் தளர்த்துவதும் முன்பே தெரிந்த வித்தை. புரோட்டானின் அவசரத்தை அடக்கியதுதான் புதிது.

அப்படி அடக்கியும் முழுதாக அடங்கவில்லை. ஒரு மாலிப்டினத்துக்கு 36 குரோமோசீன் போட்டார்கள், 48 அமிலம் போட்டார்கள். எல்லா எலக்ட்ரானும் நைட்ரஜனுக்குப் போயிருந்தால் 12 அமோனியா வந்திருக்க வேண்டும். வந்தது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே. மூன்றில் இரண்டு பங்கு எலக்ட்ரான் நைட்ரஜனுக்கு, ஒரு பங்கு ஹைட்ரஜனாகப் பறந்தது. நான்கு சுற்றோடு வினையூக்கி ஓய்ந்தும் போனது, ஈனியின் கைகளிலேயே புரோட்டான் ஏறி உலோகத்திலிருந்து அவிழத் தொடங்கிவிடுவதால். இதிலும் புரோட்டான்தான் குற்றவாளி என்பதைக் கவனியுங்கள்.

இப்போது கிலோ கணக்குக்கு வரலாம். டெக்காமெத்தில் குரோமோசீன் ஒரு மோல் ஏறத்தாழ 322 கிராம். அந்த அமிலம் ஒரு மோல் 971 கிராம். அதில் நமக்கு வேண்டிய புரோட்டான் வெறும் 1 கிராம், பாக்கி 970 கிராமும் அந்தப் புரோட்டானைச் சுமந்துவரும் வண்டி. உண்மையில் போட்ட அளவையும் உண்மையில் கிடைத்த அமோனியாவையும் வைத்துப் பார்த்தால், 17 கிராம் அமோனியாவுக்கு ஒன்றரைக் கிலோ குரோமோசீன், ஆறு கிலோவுக்கு மேல் அமிலம். ஒரு கிலோவுக்கு? சுமார் 450 கிலோ சாமான். நண்பனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "ஹைட்ரஜன் எவ்வளவுடா வீணாப் போகுது?" என்று அதைத்தான் திருப்பிக் கேட்டான். ஆலைக்காரனுக்கு எடை பெரிதாகப் படவில்லை, கசிவுதான் பட்டது. சரியான இடத்தில் கைவைத்துவிட்டான் என்றே தோன்றியது.

எடை ஒரு வேடிக்கை எண்தான். அதற்குள் ஒளிந்திருக்கும் ஆற்றல் கணக்கு வேடிக்கையல்ல. குரோமோசீனும் அமிலமும் தாமாகவே ஹைட்ரஜனாக மாற முடிகிறது என்றால், அவை ஹைட்ரஜனைவிட உயரமான ஆற்றல் மேட்டில் உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் பொருள். ஹேபர்–போஷ் ஹைட்ரஜனிலிருந்து தொடங்கி இறங்குகிறது. நாம் ஹைட்ரஜனுக்கும் மேலே ஏறி நின்றுகொண்டு அங்கிருந்து குதித்து, "பாருங்கள், சூடே வேண்டாம்" என்கிறோம். சூட்டைக் குரோமோசீன் தயாரித்தவர் முன்கூட்டியே கட்டிவிட்டார். செய்தித் தலைப்புகளில் வரும் "சாதாரண வெப்பத்தில்" என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது எரிச்சல் வருவது இதனால்தான். அந்தச் சொல் பொய்யில்லை. வெப்பமானி காட்டும் எண் அதுதான். பில் வேறு மேசையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதை வைத்து ஷ்ராக்கின் வேலையை மட்டம் தட்டுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. சாட் காகிதத்தில் வரைந்த படிநிலைகளில் எட்டு இடைநிலைகளைத் தனித்தனியாகத் தயாரித்து, புட்டியில் அடைத்து, இன்னது என்று நிரூபித்தது அந்தக் குழு. இரும்புப் பரப்பில் ஓர் இமைப்பொழுதுக்குள் நடந்து முடிவதை இங்கே ஒவ்வொரு படியிலும் நிறுத்திவைத்துப் பார்க்கலாம். அமோனியா விற்பதற்காகச் செய்த காரியமே இல்லை அது.

நுண்ணுயிரின் கணக்கு

வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா இதைச் சத்தமில்லாமல் செய்கிறதே என்பார்கள். செய்கிறதுதான். அதன் நைட்ரோஜினேஸ் நொதியின் நடுவில் ஒரு மாலிப்டினம், ஏழு இரும்பு, ஒன்பது கந்தகம், அவற்றின் நட்டநடுவில் ஒரு தனிக் கார்பன் அணு. அந்த நடு அணு கார்பன்தான் என்று உறுதியாவதற்கே 2011 வரை ஆனது. ஆனால் அந்த நொதியும் ஆறு எலக்ட்ரானோடு வேலையை முடிப்பதில்லை. எட்டு வேண்டும். மீதி இரண்டும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறாக வெளியேறுகின்றன, ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் குறைந்தது ஒன்று. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் பதினாறு தனிச் செலவு. எலக்ட்ரான் கணக்கில் அதன் உச்சத் திறன் 75 சதவீதம், ஷ்ராக்கின் குடுவை மூன்றில் இரண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழகிய நொதியையும் ஹெப்டேனில் கரையாத அமிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் இந்த நெருக்கம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நொதியும் தன் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகத்தான் வாங்குகிறது, துணைப் புரதம் ஒன்று வந்து ஒட்டி, கொடுத்து, விலகி, மறுபடி வந்து. அதுவும் ஒரு சிரிஞ்ச் பம்புதான்.

இரும்பாலும் முடியும் என்று 2013-இல் கால்டெக்கில் ஜோனஸ் பீட்டர்ஸ் குழு காட்டியது. ஒற்றை இரும்பு, அதற்குக் கீழே ஒரு போரான், மூன்று பாஸ்பீன். ஆனால் மைனஸ் 78 டிகிரியில். சுமார் ஏழு அமோனியா. குளிர வைப்பதும் அதே அவசரத்தை அடக்கும் இன்னொரு வழி என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இங்கே ஓர் இடைச்செருகல். இவ்வளவு சிறு அளவில் அமோனியா கிடைத்தது என்று ஒருவர் சொன்னால் அதை நம்புவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: அது நைட்ரஜன் வாயுவிலிருந்துதான் வந்ததா? அமோனியா எங்கும் இருக்கிறது, ஆய்வகக் காற்றில், கையுறையில், நம் மூச்சில்கூட. ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்தால் அமோனியாவுக்கு அழகான நீலம் வரும், எங்கிருந்து வந்த அமோனியா என்று அந்த நீலம் சொல்லாது. அதனால் நிறை எண் 15 உள்ள நைட்ரஜன் ஐசோடோப்பைக் கொண்டு வினையை மறுபடி நடத்துவார்கள். காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் சாதாரண அமோனியம் சம உயரமுள்ள மூன்று கோடுகளாகத் தெரியும். 15 நிறை எண் கொண்டது இரண்டே கோடு. மூன்று கோடு போய் இரண்டு கோடு வந்தால்தான் மூச்சு விடலாம். அந்த விலையுயர்ந்த ஐசோடோப்பு வாயுப் புட்டியிலேயே கொஞ்சம் 15-அமோனியா கலந்திருக்கக்கூடும் என்பது இதில் இன்னொரு தலைவலி. மின்வேதி முறையில் அமோனியா எடுத்ததாக வந்த பல கட்டுரைகள் இந்தச் சல்லடையில் சிக்கி, 2019-இல் இதற்கென்றே கறாரான நெறிமுறை ஒன்று வெளியானது. அணைவுச் சேர்மக்காரர்கள், அதாவது உலோகமும் ஈனியும் சேர்ந்த இந்த மாதிரிச் சேர்மங்களோடு வேலை செய்பவர்கள், இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்கானவர்கள்.

சேர்த்தே கொடுத்தால்?

புரோட்டானையும் எலக்ட்ரானையும் பிரித்து வைப்பதுதான் வழி என்று ஒரு முடிவுக்கு வந்து நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், அதே 2019-இல் டோக்கியோவிலிருந்து யோஷியாகி நிஷிபயாஷி குழு அந்த நிம்மதியைக் கெடுத்தது. அவர்கள் 2010 வாக்கில் இரண்டு மாலிப்டினம் கொண்ட சேர்மத்தில் 23 அமோனியா எடுத்தவர்கள், அதுவும் எலக்ட்ரான் தனி, புரோட்டான் தனி என்ற பழைய பாணியில்தான். 2019-இல் பாணியை மாற்றினார்கள். எலக்ட்ரான் தரச் சமாரியம் டைஅயோடைடு, கூடவே தண்ணீர் அல்லது எத்திலீன் கிளைக்கால். ஒரு வினையூக்கி மூலக்கூறுக்கு 4,350 அமோனியா வரை, நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல். ஏழெட்டிலிருந்து நாலாயிரத்துக்கு. அமிலம் என்று சொல்லத்தக்க எதுவும் குடுவையில் இல்லை. வெறும் தண்ணீர்!

சமாரியத்தின் மேல் தண்ணீர் போய் உட்காரும்போது, அந்தத் தண்ணீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு நம்ப முடியாத அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. தனித் தண்ணீரில் ஏறத்தாழ 500 கிலோஜூல் கேட்கும் பிணைப்பு, சமாரியத்தின் மேல் அதில் கால்வாசியளவுக்கு இறங்கிவிடுவதாக மதிப்பீடு. ஆகவே அந்த ஹைட்ரஜன், புரோட்டானாக ஒரு கையிலிருந்தும் எலக்ட்ரானாக இன்னொரு கையிலிருந்தும் வராமல், இரண்டும் சேர்ந்த ஒரே பொட்டலமாக மாலிப்டினத்தின் மேலுள்ள நைட்ரஜனுக்குப் போகிறது. ஆற்றல் கணக்குப்படி இரண்டு பொட்டலங்கள் தங்களுக்குள் சந்தித்து ஹைட்ரஜன் வாயுவாகிப் போயிருக்க வேண்டும், அதற்கு எல்லாத் தூண்டுதலும் உண்டு. ஆனால் மெதுவாகத்தான் போகின்றன. பிரித்து வைப்பதற்குப் பதில் கட்டிப்போட்டுக் கொடுத்தாலும் அவசரம் அடங்குகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இங்கே மாலிப்டினங்கள் நைட்ரஜனைச் சாட் பாதையில் முனை முனையாகக் கரைப்பதில்லை. கம்மின்ஸ் காட்டியதுபோல் முதலிலேயே பிளந்து நைட்ரைடாக்கிவிடுகின்றன, அப்புறம் நைட்ரைடுக்குப் பொட்டலங்கள் வருகின்றன. "திருப்பித் தர மாட்டேன்" என்று அடம்பிடித்த நைட்ரைடு, ஈனியை மாற்றியதும் தரத் தொடங்கிவிட்டது.

கிலோ கணக்கையும் போட்டுவிடுகிறேன். சமாரியம் டைஅயோடைடு ஒரு மோல் 404 கிராம், ஓர் அமோனியாவுக்கு மூன்று வேண்டும். ஒரு கிலோ அமோனியாவுக்கு 71 கிலோ, தண்ணீர் தனி. 450-க்கு இது எவ்வளவோ தேவலாம். ஆனால் வேலை முடிந்த சமாரியம் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போய் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆக்சிஜனைப் பிரித்து அதை மறுபடி இரண்டாம் நிலைக்குக் கொண்டுவருவது, இந்தக் கதை முழுவதிலும் ஆற்றல் அதிகம் விழுங்கும் படிகளில் ஒன்று. மின்வாய் கொண்டு அதைத் திருப்ப முயலும் வேலைகள் நடக்கின்றன. அது கைகூடினால் கணக்கில் சமாரியம் போய் மின்சாரம் வந்து உட்காரும், அப்போது ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று கேட்கலாம்.

எனக்கு இதில் நேர்வழி என்று படுவது வேறொன்று: ஹைட்ரஜன் வாயுவையே அணைவுச் சேர்மத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது. மேட்டில் ஏறிக் குதிக்கும் வேலை மிச்சம். ஆனால் ஷ்ராக்கின் மாலிப்டினத்துக்கு ஹைட்ரஜன் வாயுவே எதிரி, அது இருந்தால் நைட்ரஜன் வேலை படுத்துவிடும். இந்தப் பக்கம் நம்பிக்கை தருவது பிரின்ஸ்டனில் பால் சிரிக்கின் குழு 2020-இல் காட்டிய ஒன்று. மாங்கனீசு நைட்ரைடு, துணைக்கு ஒரு ரோடியம் வினையூக்கி, ஹைட்ரஜன் வாயு. நைட்ரைடு அமோனியாவாகக் கழன்று வந்தது, குரோமோசீனும் இல்லை, சமாரியமும் இல்லை. பின்பாதி வழி திறந்துவிட்டது என்றே சொல்லலாம். முன்பாதிதான் பாக்கி: அந்த மாங்கனீசு நைட்ரஜன் வாயுவைப் பிளந்து நைட்ரைடு ஆனதல்ல. அந்த வகை நைட்ரைடை ஆய்வகத்தில் வழக்கமாகத் தயாரிப்பது அமோனியாவும் பிளீச்சும் கொண்டுதான்.